துண்டுக்குள்ள எத்தனை?

போன மாசம் பெங்களூருல இருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தாங்க. பொழுதோட கரண்டு போயிருச்சு. செல்போன்ல சார்ஜ் இல்லைன்னு பேத்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தா. புளி தட்டி எடுத்த கொட்டை அரைச் சாக்கு திண்ணையோரம் கெடந்துது. ரெண்டு கை அள்ளி அவ முன்னால கொட்டினேன். நானும் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். கையை முதுகுக்குப் பின்னால கொண்டு போயி, மூடி, முன்னால நீட்டினேன்.

"ஒத்தையா, ரெட்டையா?"

உங்கள்ல பாதிப்பேர் இதை ஆடியிருப்பீங்க. ஆடாதவங்களுக்குச் சொல்றனுங்க. மூடின கைக்குள்ள இருக்கிற கொட்டை ஒத்தைப்படையா ரெட்டைப்படையான்னு எதிராளி சொல்லணும். சரியாச் சொல்லிட்டா கையில இருக்கிறது பூராவும் அவங்களுக்கு. தப்பாப் போச்சுன்னா, கையில எத்தனை இருக்கோ அத்தனையை அவங்க நமக்குக் குடுக்கணும். அவ்வளவுதான் விளையாட்டு.

நாலு ஆட்டம் ஜெயிச்சுட்டா. அஞ்சாவது ஆட்டத்துல நான் வெறுங்கையை மூடி நீட்டினேன். "ஒத்தை"ன்னா. விரிச்சுக் காட்டினேன். "ஒண்ணுமே இல்லையே அப்பிச்சி! இது செல்லாது!"ன்னு ஒரே சத்தம். செல்லும் கண்ணு, வெறுங்கைன்னா ரெட்டைன்னு கணக்குன்னேன். "இதை நீங்க முதல்லயே சொல்லலையே. ரூலை மறைச்சு வெச்சு ஆடறீங்க"ன்னு கொட்டையைத் தள்ளிவிட்டுட்டு உள்ள போயிட்டா.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவ சொன்ன அந்த வார்த்தைதான் காரணம். எண்ணை மறைக்கிறது ஒரு வகை, ரூலை மறைக்கிறது இன்னொரு வகை. ரெண்டும் ஒண்ணில்லை. எங்க வாழ்க்கையில ரெண்டையும் நான் பார்த்திருக்கேன். அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

அந்த வெறுங்கை ரூல் எங்க அப்பத்தா வெச்சது. அவங்க பள்ளிக்கூட வாசல் மிதிச்சதில்லை. ஆனா ஒத்தையா ரெட்டையா ஆட்டத்துல அவங்களை ஜெயிச்ச பொடுசு எங்க வளவுலயே கெடையாது. வெறுங்கை எப்படி அப்பத்தா ரெட்டையாகும்னு நான் சண்டை போட்டிருக்கேன். "சோடி சோடியாப் பிரிச்சு வெச்சா மிச்சம் ஒண்ணு நின்னா ஒத்தை. வெறுங்கையில என்னடா மிச்சம் நிக்குது? அப்ப ரெட்டைதானே"ன்னாங்க. பின்னால ஒம்பதாவது படிக்கிறப்ப கணக்கு வாத்தியார் பூஜ்ஜியம் ரெட்டைப்படை எண்ணுன்னு சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, வெளிய நிக்க வெச்சுட்டாரு.

ஆனா பக்கத்து வளவுல வெறுங்கைன்னா ஒத்தை. அதுக்கு அக்கட்ட இருந்த வீட்டுல வெறுங்கை காட்டினா ஆட்டமே கலைஞ்சு போகும். வீட்டுக்கு வீடு ரூல் வேற. ஒருதடவை தோத்தாத்தான் அந்த வீட்டு ரூலே தெரியும்.

அப்பத்தா எப்படி ஜெயிக்கிறாங்கன்னு ரொம்ப நாளைக்கு எனக்குப் பிடிபடலை. வயசான காலத்துல அவங்களே சொன்னாங்க. அவங்க கையைப் பார்க்கவே மாட்டாங்களாம். கொட்டை எடுக்கிறப்ப நம்ம முகத்தைத்தான் பார்ப்பாங்களாம். அள்ளினது பத்தலைன்னு மறுபடி ஒண்ணு எடுத்துச் சேர்த்தா பையன் ஒத்தைக்கு மாறறான். தோத்தவன் அடுத்த ஆட்டத்துல கம்மியாத்தான் எடுப்பான். ரெண்டு தடவை ஒத்தை வெச்சவன் மூணாவது தடவை ரெட்டைக்குப் போவான், பயம். நாங்க எண்ணைத் தேடிக்கிட்டு இருந்தோம், அவங்க எங்களை எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

இந்த விளையாட்டு எம்புட்டுப் பழசுன்னு மகன்கிட்டச் சொல்லித் தேடிப் படிச்சேன். ரோமாபுரி மன்னன் அகஸ்டஸ் விருந்துக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் 250 வெள்ளிக் காசு குடுத்து, சாப்பிடறப்ப தாயம் உருட்டவோ ஒத்தையா ரெட்டையா ஆடவோ வெச்சுக்கச் சொல்லுவானாம். அதை அவனே மகளுக்குக் கடுதாசியில எழுதியிருக்கான். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சங்கதி.

நம்ம நாட்டுல அதைவிடப் பழைய தடயம் இருக்கு. அதுக்குப் புளியங்கொட்டை இல்லை, தான்றிக்காய். திரிபலா சூரணத்துல கடுக்காய், நெல்லிக்காயோட சேர்க்கறாங்களே, அதே தான்றிதான். ரிக் வேதத்துல பத்தாவது மண்டலத்துல ஒரு சூதாடியோட புலம்பல் இருக்கு. அவன் ஆடினது இப்பத்த ஆறு பக்கத்துப் பகடை இல்லை, தான்றிக்காய்தான். ஆய்ஞ்சவங்க சொல்றது என்னன்னா, குவிச்சு வெச்ச காயில இருந்து ஒரு பிடி அள்ளி நாலு நாலாப் பிரிப்பாங்களாம். மிச்சமில்லாமப் போனா கிருதம், மூணு மிஞ்சினா திரேதம், ரெண்டு மிஞ்சினா துவாபரம், ஒண்ணு மிஞ்சினா கலி. கலி வந்தவன் தோத்தான். யுகத்துக்கு வெச்சிருக்கிற பேரெல்லாம் இந்த ஆட்டத்துப் பேரேதான். நம்மது ரெண்டு ரெண்டாப் பிரிக்கிற ஆட்டம், அது நாலு நாலாப் பிரிக்கிற ஆட்டம். மிச்சம் ஒண்ணு நிக்குதான்னு பார்க்கிற எங்க அப்பத்தா கணக்கு அங்கயும் இருக்கு.

மகாபாரதத்துல நளன் கதை தெரிஞ்சிருக்கும். சூதுல நாட்டைத் தோத்துட்டு, இருதுபன்னன்கிற ராசாவுக்குத் தேரோட்டியா இருக்கான் நளன். போற வழியில ஒரு தான்றி மரத்தைக் காட்டி ராசா சொல்றான், இந்த ரெண்டு கிளையில அஞ்சு கோடி இலை, 2,095 காய் இருக்குன்னு. நளன் நம்பலை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிச் சாய்ச்சு எண்ணிப் பார்க்கறான். சரியா இருக்கு. அந்த வித்தையை ராசாகிட்டக் கத்துக்கிட்டான். கூடவே சூதோட சூட்சுமமும் கெடைச்சுது. அது வந்த உடனே அவனுக்குள்ள இருந்த கலி வெளியேறி அந்தத் தான்றி மரத்துக்குள்ள போயிருச்சுன்னு கதை.

படிச்சவங்க இதைக் கதைன்னு சொல்லுவாங்க. எங்க ஊர்ல குத்தகைக்கு மரம் எடுக்கறவங்களைப் பார்த்தா உங்களுக்கு அப்படித் தோணாது. புளி பிடிக்கிறதுக்கு முந்தியே வந்து மரத்தடியில நிப்பாங்க. ஒரு கிளையை மட்டும் பார்ப்பாங்க, சுத்தி ஒரு நடை நடப்பாங்க, இத்தனை மூட்டைம்பாங்க. தென்னைக்கும் அப்படித்தான். ஒரு குலையில எத்தனை, மரத்துல எத்தனை குலை, தோப்புல எத்தனை மரம். இருதுபன்னன் ரெண்டு கிளையை வெச்சுப் போட்ட கணக்கும் இதுதான். இதுல மறைவு ஒண்ணும் இல்லை. மரம் உங்க கண்ணு முன்னால நிக்குது. உங்களுக்கும் கண்ணு இருக்கு, அவனுக்கும் கண்ணு இருக்கு. தோத்தா நம்ம கண்ணுதான் தோத்துது.

மாட்டுச் சந்தை அப்படியில்லைங்க.

நான் ஏழாவது படிக்கிறப்ப எனக்கொரு கூட்டாளி. அவங்கய்யன் மாட்டுத் தரகர். வெள்ளை வேட்டி, தோள்ல ஒரு பெரிய துண்டு, அது இல்லாம அவரை நான் பார்த்ததே இல்லை. மதியம் பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தடியில அவன் எனக்கு அவங்கய்யன் வித்தையைச் சொல்லிக் குடுத்தான். அவன் துண்டு, என் கை. மேல துண்டைப் போட்டுட்டு உள்ள விரலைப் பிடிப்பான். "எத்தனை சொல்லு?"

அவன் சொன்ன கணக்கு இது. ஒரு விரல் பிடிச்சா ஒண்ணு, ரெண்டு பிடிச்சா ரெண்டு. அஞ்சு விரலும் சேர்த்துப் பிடிச்சா அஞ்சு. ஆறுன்னா அஞ்சையும் பிடிச்சு விட்டுட்டு ஒரு விரல். விரலை நடுக் கணுவுல அழுத்தினா பாதி. ஒண்ணுன்னா ஒரு ரூவாயா, நூறா, ஆயிரமான்னு கேட்டேன். "அதை யாராச்சும் சொல்லுவாங்களாடா? மாட்டைப் பார்த்தாத் தெரியாதா?"ன்னான். இடமதிப்பு வெளிய நிக்கிற மாட்டுல இருக்கு, இலக்கம் துண்டுக்குள்ள இருக்கு.

நாங்க அதை விளையாட்டாவே மாத்திட்டோம். ரெண்டு பேர் துண்டுக்குள்ள பேசணும், மூணாவது ஆள் வெளிய இருந்து என்ன விலைன்னு சொல்லணும். சொல்லிட்டா ஒரு கோலிக்குண்டு. மொதல்ல யாராலயும் முடியலை. போகப் போக எனக்குக் கொஞ்சம் பிடிபட்டுது. அஞ்சு விரலும் சேர்த்துப் பிடிச்சா முழங்கைக்குக் கீழ சதை ஏறி இறங்கும். ஒத்தை விரல்னா மணிக்கட்டு மட்டும் அசையும். வேண்டாம்னு விரலைத் தட்டி விடறப்ப தோள்பட்டை ஒரு இம்மி பின்னால போகும். துண்டைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்கணும். அப்பத்தா முகத்தைப் பார்த்தாங்க இல்லையா, அதே மாதிரி.

இதை வெளிய யாருக்கும் சொல்லமாட்டேன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டான். அவங்கய்யனுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுருவாராம்.

இந்தத் துண்டு வித்தை நம்ம கொங்குக்காரங்க கண்டுபிடிச்சதுன்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். இத்தாலிக்காரர் லுடோவிகோ டி வர்த்தமா ஐநூறு வருசத்துக்கு முந்தி கோழிக்கோட்டுக்கு வந்தாரு. அவரோட பயண நூல் 1510ல ரோம்ல அச்சாச்சு. அதுல எழுதியிருக்காரு: வாங்கறவனும் விக்கிறவனும் கூடி நிப்பாங்க, தரகன் ஒரு துணியை எடுத்துக் கையை மூடுவான், விரலைத் தொட்டுத் தொட்டே ஒண்ணுல இருந்து ஒரு லட்சம் பொற்காசு வரைக்கும் பேசி முடிப்பாங்க, வாயில ஒரு வார்த்தை வராது. நம்ம பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினா அந்தக் கரைதான். நம்ம சரக்கும் மாடும் காலங்காலமாப் போன வழி.

அதுக்கு நூத்தம்பது வருசம் கழிச்சு, பிரெஞ்சு நகை வியாபாரி தாவர்னியே தக்காணத்து வைரச் சுரங்கத்துல இதையே பார்த்திருக்காரு. 1676ல வந்த அவரோட புத்தகத்துல கணக்கே குடுத்திருக்காரு. ரெண்டு பேரும் தையக்காரங்க மாதிரி எதிரெதிரா உக்காந்துக்குவாங்க. ஒருத்தர் இடுப்புத் துணியை அவுத்து ரெண்டு பேர் கையையும் மூடுவாரு. முழுக்கையைப் பிடிச்சா ஆயிரம், அஞ்சு விரல்னா ஐநூறு, ஒரு விரல் நூறு, நடுக் கணு வரைக்கும் பாதி விரல்னா அம்பது, நுனின்னா பத்து. இதைப் படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுருச்சுங்க. நடுக் கணு பாதி! புங்க மரத்தடியில என் கூட்டாளி சொன்ன அதே கணக்கு. வைரத்துக்கும் ஒண்ணுதான், எருதுக்கும் ஒண்ணுதான்.

துண்டை வெறும் திருட்டுன்னு சொல்லிட முடியாது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு ஒருதடவை வந்து பாருங்க. மாடும் குதிரையும் மேச்சல் காடு பூரா நிக்கும். கன்னடம் பேசறவன், தெலுங்கு பேசறவன், மலையாளம் பேசறவன், எல்லாரும் வருவாங்க. விரலுக்குப் பாஷை கெடையாது. இன்னொண்ணு, மடியில எம்புட்டுப் பணத்தோட வீட்டுக்குப் போறான்னு சந்தையே கேக்கற மாதிரி கத்தினா, ராத்திரி வழியில என்ன ஆகும்? ஒருத்தன் முடையில மாட்டை விக்க வந்திருப்பான். குறைஞ்ச விலைக்குக் குடுத்தான்கிறது ஊருக்குத் தெரிஞ்சா அவன் மானம் போகும். துண்டு அதை மூடும். வாங்கறவனுக்கும் வசதி, பக்கத்துல நிக்கிறவன் அஞ்சு சேர்த்துச் சொல்லிட மாட்டான். ஆக எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கு. ஆனா துண்டுக்குள்ள விக்கிறவன் கையும் வாங்கறவன் கையும் நேராச் சேர்ந்தா இந்த நியாயமெல்லாம் பொருந்தும். நடுவுல தரகர் கை வந்து, ரெண்டு பக்கமும் தனித்தனியாப் பேசினா, அப்ப ரெண்டு எண்ணு ஆகுது. ரெண்டும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்.

1983ல நான் ஒம்பதாவது. அக்கா கல்யாணம் வெச்சாச்சு. எங்க அய்யன் மயிலைச் சோடியை விக்கறதுன்னு முடிவு பண்ணினாரு. காங்கேயம் எருது. ரெண்டும் எங்க கட்டுத்தரையில பொறந்ததுதான், நாலு பல்லு போட்டு உழவுக்கு நல்லா நின்னுது. ஒரு சந்தைக்கு ஓட்டிட்டுப் போனோம், எந்தச் சந்தைன்னு வேண்டாம். விடியக்காலம் பாதி வழிக்கு மேல நானே ஓட்டினேன். அய்யன் பின்னாலேயே பேசாம நடந்து வந்தாரு.

தரகர் வந்தாரு. என் கூட்டாளியோட அய்யன்தான். பல்லைப் பார்த்தாங்க, சுழியைப் பார்த்தாங்க, நடக்க விட்டுப் பார்த்தாங்க. வாங்க வந்தவரு மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் மட்டும்தான். மொதல்ல அவர் கையில துண்டு விழுந்துது. நான் மாட்டுக் கயித்தைப் பிடிச்சுட்டு அவங்க பக்கமா நின்னுட்டிருந்தேன். பழக்க தோசம், என் கண்ணு தரகர் முழங்கைக்குப் போயிருச்சு. மூணு விரல். ஒரு உலுக்கல். அப்புறம் சதை ஏறி இறங்குச்சு, முழுக்கை. அப்புறம் மணிக்கட்டு மட்டும், ஒத்தை விரல். வியாபாரி தலையாட்டினாரு.

மூவாயிரத்து அறுநூறு.

தரகர் எங்க அய்யன்கிட்ட வந்தாரு. துண்டு விழுந்துது. மூணு விரல், உலுக்கல், மறுபடி மூணு விரல். அய்யன் தோள் பின்னால போச்சு, மறுபடி அதே மூணு. அவரு காதோரம் குனிஞ்சு, "இதுக்கு மேல பேறாதுங்க. நம்ம ஆளுன்னுதான் இம்புட்டு இழுத்தேன்"னாரு. அய்யன் கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தாரு. சரின்னுட்டாரு. மூவாயிரத்து முன்னூறு ரூவா எண்ணி வாங்கினோம். அதுல தரகுன்னு தனியாக் குடுத்தோம். கயித்தை அவுத்துட்டு வியாபாரி கொண்டு வந்த கயித்துல மாத்திக் கட்டினாங்க. எங்க கயித்தை அய்யன் தோள்ல போட்டுக்கிட்டாரு. மாட்டைக் குடுத்தாலும் கயித்தைக் குடுக்கறதில்லை.

நான் வாயைத் தொறக்கலை. சத்தியம் பண்ணியிருந்தேன்கிறது ஒண்ணு. பதினாலு வயசுப் பையன் பெரிய மனுசங்க யாவாரத்துல வாய் வெச்சா அறை விழும்கிறது ஒண்ணு. என் கண்ணு சரியாப் பார்த்துச்சான்னு எனக்கே நிச்சயமில்லைங்கிறது ஒண்ணு. முழுக்கைன்னு நெனச்சது வெறும் உலுக்கலா இருந்தா? இன்னைக்கு வரைக்கும் அறுதியிட்டுச் சொல்ல முடியலை. தோத்தவனுக்குத் தோத்தது தெரியாது, பார்த்தவனால நிரூபிக்க முடியாது. துண்டோட வேலையே அதுதான்.

வர்ற வழியில ஒரு டீக்கடையில அய்யன் எனக்குப் பன்னு வாங்கிக் குடுத்தாரு. "நல்ல விலைதானேடா?"ன்னு கேட்டாரு. "ஆமாங்க"ன்னேன். கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. கொறஞ்ச முன்னூறை ஒறம்பரை ஒருத்தர்கிட்ட வட்டிக்கு வாங்கினாரு. சரியா முன்னூறு. அந்தத் தொகையைக் கேட்டப்பத்தான் எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணுச்சு. அய்யன் போயி பதினோரு வருசம் ஆச்சு. கடைசி வரைக்கும் நான் சொல்லலை. என் கூட்டாளியோடயும் அதுக்கப்புறம் நான் துண்டு விளையாடலை.

ரோமாபுரிக்கு மறுபடி ஒருதடவை போயிட்டு வர்றேன். அங்க விரல் காட்டி எண்ணு சொல்ற விளையாட்டு ஒண்ணு உண்டு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விரலை நீட்டி, மொத்தம் எத்தனைன்னு கத்தணும். இன்னைக்கும் இத்தாலியில ஆடறாங்க, மோரான்னு பேரு. நம்பிக்கையான ஆளைப் பத்திச் சொல்ல ரோமாபுரிக் குடியானவங்ககிட்ட ஒரு பேச்சு வழக்கு இருந்துச்சுன்னு சிசரோ எழுதியிருக்காரு. இருட்டுல கூட அவனோட இந்த விரல் ஆட்டம் ஆடலாம்னு சொல்லுவாங்களாம். இருட்டுல அவன் எத்தனை விரல் நீட்டினான்னு நமக்குத் தெரியாது, அவன் சொல்றதுதான். எங்க அய்யன் தரகரை அந்த மாதிரி ஆளுன்னுதான் நெனச்சாரு.

ரோம்ல இந்த விரல் ஆட்டம் ஆட்டுமாட்டுச் சந்தைக்குள்ளயும் பூந்துருச்சு. விலையையே விரல் ஆட்டத்துல முடிக்கிற பழக்கம். கி.பி. 360-கள்ல அந்த நகரத்து ஆளுநரா இருந்த அப்ரோனியானுஸ் இதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டாரு. இனிமே விரலை நம்பி உருப்படியை விக்காதீங்க, தராசுல நிறுத்து விலுங்கன்னு. அந்த உத்தரவைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க, கல்வெட்டு கெடைச்சிருக்கு.

நமக்கு அந்தத் தராசு வர இன்னும் ஆயிரத்தஞ்ஞூறு வருசத்துக்கு மேல ஆச்சு. வெள்ளைக்காரங்களுக்கு வேணுங்கிறது பருத்தி. அதனால முதல்ல பருத்திக்குத்தான் சட்டம் வந்துச்சு. 1897ல பேரார் பக்கம் பருத்தி, தானியச் சந்தைக்குச் சட்டம். 1928ல லின்லித்கோ தலைமையில வேளாண்மை ராயல் கமிஷன் அறிக்கை, ஒழுங்குமுறைச் சந்தைகள் வேணும்னு சொல்லுச்சு. 1933ல சென்னை மாகாணத்துல வணிகப் பயிர் சந்தைச் சட்டம். அதும்படி முதல் விற்பனைக்கூடம் 1936ல எங்க வந்துச்சுன்னு நெனக்கிறீங்க? நம்ம திருப்பூர்லதான், பருத்திக்கு. எடை சரியா இருக்கணும், பிடித்தம் இம்புட்டுத்தான்னு இருக்கணும், மூடின துணிக்கு அடியில விலை பேசக் கூடாது.

எனக்கு இதுல ஒரு ஆத்தாமை உண்டு. 1983ல எங்க அய்யன் தோள்ல கயித்தோட நடந்து வந்தப்ப, திருப்பூர்ல பருத்திக்கு அந்த ரூல் வந்து நாப்பத்தேழு வருசம் ஆகியிருந்துச்சு. பஞ்சுக்கு இருந்த பாதுகாப்பு எங்க மயிலைக்கு இல்லை. இன்னைக்கும் மாட்டுச் சந்தைகள்ல துண்டு போயிரலை. தரகர்கள்லயும் நேர்மையானவங்க நெறையப் பேர் இருக்காங்க, அவங்க இல்லாம ஒரு கன்னுக்குட்டி கூட நகராது. நான் இப்ப மாடு குடுத்தா என் கையையும் வாங்கறவர் கையையும் நேராத் துண்டுக்குள்ள விடச் சொல்லிருவேன். ரெண்டு தரகர் என்கூடப் பேசறதை நிறுத்திட்டாங்க.

இப்ப நான் செய்யறது மஞ்சள். ரெண்டு ஏக்கர். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சுது, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது எப்படி விலை போகுதுன்னு நகரத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. விரலி, கிழங்குன்னு பிரிச்சு மாதிரி எடுத்து வெச்சிருவோம். வியாபாரிங்க வரிசையா வந்து கையில எடுப்பாங்க, ஒடிப்பாங்க, உள்ள நிறம் பார்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க. அப்புறம் குவிண்டாலுக்கு இம்புட்டுன்னு ஒரு சீட்டுல எழுதிப் பெட்டியில போடுவாங்க. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. பெட்டியைத் தொறந்து, அதிகம் எழுதினவர் யாரோ அவருக்கு. விலை பிடிக்கலைன்னா நாம குடுக்க வேண்டியதில்லை, திருப்பி அடுக்கி வெச்சுக்கலாம். இதுக்குப் பேரு மறைமுக ஏலம்.

பேரைப் பாருங்க, மறைமுகம். இங்கயும் எண்ணு மறைஞ்சுதான் இருக்கு. ஆனா எண்ணு யாருகிட்ட இருந்து மறைஞ்சிருக்குன்னு கவனிங்க. துண்டுக்குள்ள விக்கிறவன்கிட்ட இருந்து மறைஞ்சிருந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு வியாபாரிகிட்ட இருந்து இன்னொரு வியாபாரிக்கு மறைஞ்சிருக்கு. இப்ப முழிக்கிறது அவங்க முறை. பக்கத்து ஆள் என்ன எழுதியிருப்பான்னு தெரியாம, கெடைக்காமப் போயிருமோன்னு நூறு சேர்த்து எழுதறாங்க. கடைசியில பெட்டி தொறந்துருது, எல்லாரும் பார்க்கறாங்க. வியாபாரிங்க டீக்கடையில முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டா இதுவும் ஒண்ணுமில்லாமப் போகும், வாஸ்தவம். ஆனாலும் சீட்டைப் படிக்கிறப்ப நான் அங்க நிக்கிறேன். எங்க அய்யனுக்கு அது கெடைக்கலை.

பெட்டி தொறந்தா மட்டும் பொழச்சுக்கலாம்னு சொல்ல வரலை. 2010ல மஞ்சள் குவிண்டால் 17,000 ரூவாய்க்குப் பக்கம் போச்சு. ஊரே மஞ்சள் வெச்சுது. கரும்பை அழிச்சுட்டு வெச்சாங்க, நானும் வெச்சேன். 2012 தொடக்கத்துல 4,000 ரூவாய்க்கு வந்து நின்னுது, வெட்டுக்கூலி, வேகவைக்கிற கூலிக்கே பத்தலை. அதுல யாரும் யாரையும் ஏமாத்தலை. எல்லாரும் ஒரே கையைப் பார்த்து ஒரே சமயத்துல ரெட்டைன்னு கத்தினோம். அப்பத்தா இருந்திருந்தா மஞ்சளைப் பார்த்திருக்க மாட்டாங்க, எங்களைத்தான் பார்த்திருப்பாங்க.

மறுநாள் காலையில பேத்தி எந்திரிச்சு வந்தா. கோவம் போகலை. ஒரு பழைய நோட்டுல பேனாவால எழுதிட்டு வந்து என் முன்னால நீட்டினா. ஒண்ணு, வெறுங்கை ரெட்டை. ரெண்டு, பத்துக்கு மேல எடுக்கக் கூடாது. மூணு, தோத்தா அழக் கூடாது. கீழ கையெழுத்துப் போடச் சொன்னா. போட்டேன். அப்புறம் உக்காந்து பன்னெண்டு ஆட்டம் ஆடினோம். எட்டுல அவ ஜெயிச்சா. அவங்கம்மா வந்து, நேரமாச்சு, பஸ்சைப் பிடிக்கணும்னு சொன்னப்ப எங்கிட்ட மூணு கொட்டைதான் மிச்சம் இருந்துச்சு. ஜெயிச்ச கொட்டையையெல்லாம் ஒரு தூக்குப் போசியில போட்டு பெங்களூருக்குக் கொண்டு போயிட்டா.